பெற்றவளுக்குமா பயிற்சி?

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்களுக்குப் பால் சங்கம் நினைவுக்கு வரும். நெசவாளர் சங்கம் நினைவுக்கு வரும். ரேஷன் கடை வரிசையும் நினைவுக்கு வரும். பள்ளி செல்லும் வயது வராத பாலர்களுக்கான நிலையம் ஒன்றைப் பெற்றோரே கூடி நடத்தலாம், சம்பளத்துக்கு அமர்த்திய ஆசிரியருக்குப் பதிலாகத் தாய்மாரும் தந்தைமாரும் முறைவைத்து அங்கே அமரலாம் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தி. அதனினும் புதிய செய்தி ஒன்றுண்டு. அவ்வாறு அமர விரும்பும் தாய் முதலில் தானே மாணவியாகி, வகுப்புக்குச் சென்று, பாடம் எழுதிக் காட்ட வேண்டுமாம். பிள்ளை பெற்று, பாலூட்டி, தாலாட்டி, காய்ச்சல் கண்ட இரவுகளில் கண்விழித்துக் கிடந்தவளுக்குப் பிள்ளையைப் பற்றிப் பாடமா? இதைப் பற்றித்தான் இந்தத் திங்கள் வாசகர்களோடு சற்று உரையாட விரும்புகிறோம்.

இம்முயற்சி நூறாண்டு கடந்தது. 1916-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவியர் பன்னிருவர் கூடித் தம் பிள்ளைகளுக்காக ஒரு கூட்டுறவுப் பாலர் பள்ளியைத் தொடங்கினர். பிறகு அது பல மாநிலங்களுக்கும் பரவிற்று. வாஷிங்டன் மாநிலத்தில் இத்தகைய பள்ளிகள் பல, சமுதாயக் கல்லூரிகளோடு இணைக்கப்பட்டுள்ளன. பிள்ளையைச் சேர்க்கும்போதே தாய் அல்லது தந்தை அக்கல்லூரியின் மாணவராகப் பதிவு பெறுகிறார். கலிபோர்னியாவிலோ 2016 செப்டம்பர் முதல், பாலர் நிலையத்தில் தொண்டு செய்ய வருபவரும் தட்டம்மைக்கும் கக்குவானுக்கும் தடுப்பூசி போட்டுக்கொண்ட சான்று காட்ட வேண்டுமென்று சட்டமே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1961-இல் பெல் டுடேவ் என்னும் தாய் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய ஒரே ஒரு கடிதத்திலிருந்து நாடு தழுவிய இயக்கமொன்று முளைத்தது. இவற்றையெல்லாம் விரித்துரைக்க இடமில்லை. நாம் கண்ணால் கண்ட நாடு நியூசிலாந்து. ஆகவே அதனையே சொல்லுவோம்.

நியூசிலாந்து என்றால் நம்மவர் பலருக்கும் 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமையன்று கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்ட கொடுமையே முதலில் நினைவுக்கு வரும். அந்த நாட்டில்தான் எண்பதாண்டுகளுக்கு மேலாக இந்த நற்பணியும் நடந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் கடல் கடந்து போர்முனைக்குச் சென்றனர். கைக்குழந்தைகளோடு வீட்டில் தனித்து விடப்பட்ட இளந்தாய்மாருக்குப் பேச்சுத்துணையுமில்லை, ஓய்வுமில்லை. 1941-இல் தலைநகர் வெலிங்டனின் கரோரிப் பகுதியில் முதல் ‘பிளேசென்டர்’ திறக்கப்பட்டது. பியாட்ரிஸ் பீபி, இங்கா ஸ்மிதல்ஸ், ஜோன் வுட் என்னும் பெண்மணிகள் அதன் பின்னே நின்றனர். 1948-இல் நாடு முழுவதற்குமான கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் முதல் தலைவர் க்வென் சோமர்செட் என்னும் அம்மையார், பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வயதுவந்தோர் கல்வியில் நெடுங்காலம் உழைத்தவர். பிள்ளை விளையாடிக் கற்கட்டும், அந்த விளையாட்டை உடனிருந்து நோக்கித் தாயும் கற்கட்டும் என்பது அவர் வகுத்த நெறி. தாய் கற்பது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட நிபந்தனையன்று. அந்த மரத்தின் ஆணிவேரே அதுதான்.

நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டத்தின்வழி ஊர்தோறும் அங்கன்வாடி உண்டு. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் இருக்கிறார். தாய் வாயிலோடு திரும்பிவிடுகிறாள். பிளேசென்டரிலோ தாய் உள்ளே வருகிறாள். வேறுபாடு இவ்வளவே. ஆனால் இந்த வேறுபாட்டிலிருந்துதான் எல்லாம் பிறக்கின்றன.

மருமகனின் தொழில் காரணமாக நம் மகள் வெலிங்டனை அடுத்த ஓர் ஊரில் குடியிருக்கிறாள். நாமும் நம் இல்லத்தாரும் அங்கே மூன்று மாதம் தங்கியிருந்தோம். பேத்திக்கு அப்பொழுது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. வாரத்தில் மூன்று காலைப் பொழுது அவள் அந்த நிலையத்துக்குச் செல்வாள். அவற்றுள் ஒரு காலை மகளுடைய முறைநாள். முறைநாளில் அவள் தன் மகளுக்கு மட்டும் தாயல்லள். ஐந்து பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் அவளும் ஒரு தலை.

இரவில் இஷாத் தொழுகை முடிந்து பேத்தி உறங்கிய பின், மகள் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவள், பிள்ளைகள் மணலில் குழி தோண்டியதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். ‘நீ பிள்ளை பெற்றவள்தானே, உனக்கு எதற்கம்மா இந்த வகுப்பு?’ என்று அவளுடைய தாயார் கேட்டார்கள். அவள் எழுதுகோலை வைக்காமலே விடை சொன்னாள்: “என் பிள்ளை ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும் உம்மா. அடுத்தவள் பிள்ளை ஏன் அழுகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?”

நாம் பன்முறை எண்ணிப் பார்த்த விடை இது. தாய்மையை அல்லாஹ் அவளுக்கு அருளியது அவளுடைய பிள்ளையை முன்னிட்டு. அந்த அன்பு ஆழமானது, ஆனால் குறுகலானது. தன் பிள்ளையின் முகத்தில் தோன்றும் சிறு சுளிப்பைக்கூட அறிந்துகொள்ளும் தாய், அடுத்த பிள்ளை தன் பிள்ளையின் கையிலிருக்கும் வாளியைப் பறிக்கும்போது, முதலில் பறித்தவன் யார் என்பதைக் காண மாட்டாள். காண விரும்பவும் மாட்டாள். இது குற்றமன்று, இயற்கை. பலருடைய பிள்ளைகள் நடுவே அமரும்போது அந்த இயற்கைக்கு மேலாக வேறொன்று வேண்டியிருக்கிறது. நீதிபதி தன் உறவினர் வழக்கைத் தானே விசாரிக்கலாகாது என்று ஃபிக்ஹு நூல்களில் ஓதியிருக்கிறோமே, ஏறக்குறைய அதனைத்தான் அந்த வகுப்பில் தாய்மாருக்குக் கற்பித்தார்கள் என்று நமக்குத் தோன்றிற்று.

விருந்தினராகச் சென்ற நமக்கும் வாயிலில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது, வெளியேறும் வழி எது, பிள்ளைகளைப் படம் எடுக்கலாகாது, எந்தப் பிள்ளையையும் நாமாகக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லலாகாது என்பன அதில் இருந்தன. தாடியும் தொப்பியுமாக நின்ற நம்மைக் கண்டு இந்தத் தாள் வந்ததோ என்று ஒரு கணம் எண்ணினோம். நமக்குப் பின்னால் வந்த வெள்ளைக்கார மூதாட்டிக்கும் அதே தாளைக் கொடுத்தபோது அந்த எண்ணம் அகன்றது.

சிற்றுண்டி வேளையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் இல்லத்தார் ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள். உதவி செய்ய அடுக்களைக்குச் சென்றவர்களிடம் ஒரு கிண்ணம் திராட்சையைக் கொடுத்து, ஒவ்வொரு பழத்தையும் நீளவாட்டில் நான்காக நறுக்கச் சொன்னார்கள். இவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் காரணத்தை எடுத்துச் சொன்னாள். சிறு பிள்ளையின் மூச்சுக்குழல் மிகக் குறுகலானது. உருண்டையான திராட்சை அதில் விழுந்தால் குப்பிக்கு மூடியிட்டது போல் இறுக அடைத்துக்கொள்ளும். முதுகில் தட்டினாலும் எளிதில் வெளிவராது. நீளவாட்டில் நறுக்கினால் அவ்வாறு அடைக்காது. குறுக்கே இரண்டாக நறுக்குவது போதாது. பச்சை ஆப்பிளையும் துண்டாகக் கொடுப்பதில்லை. துருவியோ வேகவைத்தோ கொடுக்கிறார்கள். இவர்களின் சிரிப்பு அடங்கிற்று. “ஐந்து பிள்ளைகளும் பிழைத்தது ரப்பின் கிருபைதான்” என்று சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தார்கள். உறங்கும் குழந்தையை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சென்று பார்க்க வேண்டும், மூச்சும் உடற்சூடும் சீராக உள்ளனவா என்று நோக்க வேண்டும் என்பதும் இவ்வகை விதிகளுள் ஒன்று. பார்த்த நேரத்தைச் சுவரில் தொங்கும் தாளில் குறிக்கவும் வேண்டும்.

உணவுக்கு முன் மாவோரி மொழியில் ஒரு நன்றியுரை சொல்லுகிறார்கள். அந்நாட்டின் ஆதிக்குடிகளாகிய மாவோரியரின் மொழி அழிந்துபோகுமோ என்ற அச்சத்தில் 1982 முதல் அவர்களே ‘மொழிக்கூடு’ என்னும் பாலர் நிலையங்களை நடத்தத் தொடங்கினர். அந்த விழிப்பு மற்ற நிலையங்களையும் தொட்டது. நம் பேத்தி நன்றியுரை முடியும் வரை கைகட்டி இருந்துவிட்டு, தன் பங்குக்கு பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவாள். எவரும் தடுக்கவில்லை. பக்கத்திலிருந்த பையன் ஒருவன் மட்டும் அதையும் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டான்!

அந்நாட்டின் பாலர் கல்விக்கு 1996-இல் வகுத்த பாடநெறியின் பெயர் ‘தே ஃபாரிக்கி’. அதற்கு நெய்த பாய் என்று பொருள். பல இழைகள் ஊடும்பாவுமாகச் சேர்ந்து எல்லாரும் அமரத்தக்க பாயாகிறது என்னும் கருத்தில் வைத்த பெயர் அது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் சமுதாயக் குடும்பங்களை நினைத்துக்கொண்டோம். அவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதே இராது.

இனி விளையாட்டுக்கு வருவோம். விளையாட்டை அவர்கள் பதினாறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மணல், நீர், களிமண், கட்டைகள், வண்ணம், இசை, புத்தகம், வீட்டு விளையாட்டு, தச்சு வேலை என்று அது விரியும். நம் தமிழில் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். அவற்றுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்றும் விளையாட்டே. நம் முஸ்லிம் புலவர்களும் அம்மரபில் நூல் செய்திருக்கிறார்கள். மணல்வீடு கட்டுவதையும் சிதைப்பதையும் ஒரு பருவமாகவே மதித்த மொழி நம்முடையது. ஆயினும் நம் வீடுகளில் இன்று மணலை மிதித்து வந்த பிள்ளைக்குக் கிடைப்பது அடிதான்.

தச்சு மேசையை முதன்முதலில் கண்டபோது நாம் சற்று அஞ்சினோம். பொம்மைச் சுத்தியல் அன்று. மெய்யான சுத்தியல், மெய்யான ஆணி. நான்கு வயதுப் பையன் ஒருவன் ஆணியை அடித்துக்கொண்டிருந்தான். அன்று முறையிலிருந்தவர் ஒரு தந்தை, பேருந்து ஓட்டுநர். அவர் முழங்காலிட்டுப் பையனின் உயரத்துக்குத் தாழ்ந்து, கை நீட்டினால் எட்டும் தொலைவில் அமர்ந்திருந்தார். ஆணி வளைந்தது. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நமக்கு நாக்கு துடித்தது. ‘நேராகப் பிடி’ என்று சொல்லியிருப்போம். அவர் சொல்லவில்லை. பையன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். “வளைந்துவிட்டது. இனி என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டார். பையன் நெடுநேரம் ஆணியை உற்றுப் பார்த்தான். பிறகு சுத்தியலின் மறுமுனையைத் திருப்பி, அதைப் பிடுங்க முயன்றான். அவர் பலகையை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டார். ஆணி வெளிவர ஏறக்குறைய பத்து நிமிடம் ஆயிற்று.

பேசாமலிருக்க அந்த ஓட்டுநருக்கு யார் கற்றுக்கொடுத்தார்? அவரே சொன்னார்: வகுப்பில் முதல் பாடமே கை வைக்காமல் பார்ப்பதுதானாம். ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் நோக்கி, கண்டதை மட்டும் எழுத வேண்டும். ‘பிடிவாதக்காரன்’ என்று எழுதலாகாது. ‘மூன்று முறை விழுந்தும் நான்காம் முறை ஏறினான்’ என்று எழுத வேண்டும். ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும். அறிவிப்பாளர் கண்டதையும் கேட்டதையும் அறிவிக்க வேண்டும். தம் ஊகத்தை அதில் கலக்கலாகாது. மகள் இரவில் எழுதிக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் இதுவே.

இவை மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டா. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார், அது இறந்துவிட்டது. வாடியிருந்த அச்சிறுவரிடம் நபி பெருமானார் (ஸல்) அவர்கள், பெரியவர்களை அழைப்பது போன்றே குன்யத்தால் அழைத்து, அந்தக் குருவியைப் பற்றி எதுகையோடு வினவினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 335-இல் மறைந்தவர்கள், இந்தச் சின்னஞ்சிறு ஹதீஸிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களைப் பிரித்தெடுத்துத் தனி நூலே எழுதினார்கள். அரபிக் கல்லூரியில் நஹ்வு, ஸர்ஃபு, மன்திக் என்று ஓதிய ஆண்டுகளில் நமக்கும் இந்த ஹதீஸ் வந்து போயிற்று. ஒரு பிள்ளையின் துயரத்துக்கு முன் எவ்வாறு அமர்வது என்பதற்கான பாடமாக அதனை எவரும் நடத்தவில்லை. நடத்த வேண்டிய நூலாக அது அங்கே வைக்கப்படவுமில்லை.

ஆசிரியருக்கு நிபந்தனை விதிப்பதும் நமக்குப் பழையதே. கைரவான் நகரத்து இப்னு ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 256-இல் மறைந்தவர்கள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்போர் ஒழுகவேண்டிய முறை பற்றித் தனி நூல் யாத்தார்கள். தண்டனைக்கு மூன்றடி என்று வரம்பு கட்டினார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதையும் ஜனாஸாவுக்குச் செல்வதையும்கூடக் கட்டுப்படுத்தினார்கள்; அவருடைய நேரம் பிள்ளைகளுக்கு உரியது என்பது காரணம். முறைநாளில் கைபேசியைப் பையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று மகளின் நிலையத்தில் ஒரு விதி இருந்தது. அந்த அறிவிப்புப் பலகையை வாசித்தபோது நமக்குக் கைரவான்தான் நினைவுக்கு வந்தது. பிள்ளை பெற்றோரிடம் உள்ள அமானிதம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கூறுவார்கள். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விட வேண்டும், தடுத்தால் அதன் உள்ளம் செத்துவிடும் என்றும் அங்கேயே எச்சரிப்பார்கள். பெற்றோரின் அமானிதத்தை இன்னொருவர் கையேற்கும்போது அவர் அதைக் காக்க அறிந்தவரா என்று கேட்பது அவமதிப்பாகுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பயிற்சி எளிதானதன்று. கட்டணம் இல்லை என்பது மெய்யே. ஆனால் நேரம் பணத்தினும் அரிது. மகளோடு சேர்ந்தவர்களில் ஒரு பெண்மணி மாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பணியிலிருந்தார். வகுப்பு நடப்பது அந்த நேரத்தில். இரண்டு முறை வந்தார்; பிறகு வரவில்லை. அவருடைய மகனும் வரவில்லை. அவன் நம் பேத்தியோடு நீர்த்தொட்டியில் விளையாடியவன். சில நாள் அவள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். படித்தவளும் கணவன் வருவாயில் வீட்டிலிருக்கக் கூடியவளும் பயிற்சி முடித்து அமர்கிறாள். உழைத்து உண்பவள் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகிறாள். பெண்கள் வேலைக்குச் செல்வது பெருகப் பெருக, இந்நிலையங்கள் சுருங்கி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அங்குள்ள மூத்தோர் நம்மிடம் கூறினர். மற்றொரு பக்கம் அரசின் நெருக்குதல். 2002-இல் வகுத்த நீண்டகாலத் திட்டம் பாலர் நிலையங்களில் பட்டயம் பெற்ற ஆசிரியர்களையே நாடிற்று. 2007-இல் வாரம் 20 மணி நேர இலவசக் கல்விக்கு நிதி வந்தபோது, அது முதலில் ஆசிரியர் நடத்தும் நிலையங்களுக்கே கிடைத்தது. பெற்றோர் நடத்தும் நிலையங்கள் வாதாடிப் பின்னரே பெற்றன. தரத்தைக் காட்டப் பயிற்சியைக் கூட்டினால் தாய்மார் குறைகிறார்கள். தாய்மாரை ஈர்க்கப் பயிற்சியைக் குறைத்தால் ‘இது வெறும் விளையாட்டுக் கூடம்’ என்ற ஏச்சு வருகிறது.

இந்த முடிச்சை அவர்கள் அவிழ்த்திருக்கும் முறை நம்மை வியக்க வைத்தது. முறையிலிருக்கும் ஒவ்வொருவரும் முழுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்று அவர்கள் சொல்லவில்லை. அன்றைய பொழுதுக்குப் பொறுப்பேற்போரிடம் மொத்தமாக இன்னின்ன தகுதிகள் இருந்தாக வேண்டும். ஒருவர் மேற்படி தேறியவர், இன்னொருவர் முதற்படி, மற்றொருவர் புதியவர் என்று கூடி நின்று அதனை நிறைவு செய்யலாம். நமக்கு இது புதிதா? ஜனாஸாத் தொழுகையை ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லார் மீதுள்ள கடமையும் நீங்குகிறது. ஒருவரும் நிறைவேற்றாவிடில் எல்லாரும் குற்றவாளிகள். ஃபர்ளு கிஃபாயா என்று நாம் சொல்வது இதனைத்தானே. தொழுகையின் ஃபர்ளுகளை அறிவதோ ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே கடமை. அது ஃபர்ளு ஐன். பாலர் நடுவே அமர்வோர்க்கும் இவ்விரண்டு வகை உண்டு. திராட்சையை நறுக்கும் விதம், உறங்கும் குழந்தையை நோக்குதல், கை ஓங்காமை, வதந்தி பேசாமை, ஐயத்துக்கிடமான ஒன்றைக் கண்டால் உரியவரிடம் சொல்லுதல் ஆகியவை வாயிலில் நுழையும் ஒவ்வொருவர்க்கும் ஐன். குழந்தை உள்ளத்தின் வளர்ச்சியைப் பற்றி நூல் கற்பதும், குறிப்பெழுதி ஆராய்வதும், மற்றவர்க்குக் கற்பிப்பதும் கிஃபாயா. அலுவலகம் துப்புரவு செய்யும் தாயிடம் இரண்டாவதையும் கேட்டதால்தான் அவர் நின்றுபோனார் என்பது நம் கருத்து. முதலாவதை மட்டும் கேட்டு, அதையும் அவருக்கு இயன்ற நேரத்தில் கேட்டிருந்தால் அந்தப் பையன் இன்னும் நீர்த்தொட்டியருகே இருந்திருப்பான்.

ஊர் திரும்பிய பின் இந்தக் கருத்தைச் சொல்லிப் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மக்தபில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கவும், தாய்மாரை முறைவைத்து உதவிக்கு அழைக்கவும் ஜமாஅத்தார் முடிவு செய்தனர். அவர்களுக்குச் சிறு பயிற்சி கொடுக்க வேண்டுமென்று நாம் சொன்னதும், ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு பெரியவர், ‘பெற்ற தாய்க்கே பாடமா ஹழ்ரத்?’ என்று கேட்டார். நியூசிலாந்தை நாம் இழுக்கவில்லை. சட்டத்தைச் சொன்னோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது. 2012-இல் செய்த திருத்தத்தால் மதரஸாக்கள் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அமானிதத்துக்கு அப்படியொரு திருத்தம் இறங்கவில்லை. அதே 2012-இல் வந்த போக்ஸோ சட்டம் எவருக்கும் விலக்களிக்கவுமில்லை. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரிந்தும், நேரக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தும், காவல் துறைக்குச் சொல்லாமலிருப்பது அதன்படி குற்றம். ஊர்ப்பெயர் கெடும் என்று மறைப்பவர் ஊரையும் காக்கவில்லை, பிள்ளையையும் காக்கவில்லை. இதைச் சொல்லும்போது கூட்டத்தில் சிலர் தலை கவிழ்ந்தனர். பெரியவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஐன் என்று நாம் வகுத்தவற்றை மட்டும் மூன்று அமர்வுகளில் அடக்கினோம். பகலில் வர இயலாதவர்க்காக மஃரிபுக்குப் பின் ஒரு முறையும், பீடி சுற்றும் பெண்களுக்காக வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒரு முறையும் அதே பாடம். தொண்டையில் அடைத்தால் முதுகில் தட்டும் விதத்தை அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் வந்து பொம்மையை வைத்துக் காட்டிச் சென்றார். பள்ளிவாசல் ஹவ்ளுக்கு வேலி, கழிப்பறைக்குப் பிள்ளையோடு இருவராகச் செல்லுதல், பிள்ளையைக் கொண்டுபோக வருபவர் யாரென்று ஏட்டில் பார்த்துவிட்டு அனுப்புதல் என்பன பேசப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் இந்த ஏட்டுக்குப் பதிலாகத் தம் நினைவையே நம்பலாம் என்று வாதாடினார். ஊரில் எல்லாக் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் அவருக்கு மனப்பாடம் என்பது உண்மைதான். ஆயினும் ஏடும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. தச்சு மேசை வேண்டுமென்று நாம் கேட்டது மட்டும் இன்னும் பேச்சளவிலேயே நிற்கிறது. முதலில் ஒரு வண்டி மணல் கொட்ட இசைந்திருக்கிறார்கள்.

முதல் அணியில் பெயர் கொடுத்தோர் பத்தொன்பது பேர். அனைவரும் பெண்கள். வெலிங்டன் ஓட்டுநரின் கதையை ஜும்ஆவுக்குப் பின் ஒருநாள் சொல்லிப் பார்த்தோம், ஆர்வமாகக் கேட்டார்கள். தந்தைமாருக்கென்று தனியே ஒரு தாளை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுதும் நாள் வரை அதில் ஒரு பெயரும் ஏறவில்லை.